செனட், சிண்டிகேட், அகாடமிக் கவுன்சில்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் யார் எதை முடிவு செய்கிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாடத்திட்டம் மாறினாலும் துணைவேந்தரைத்தான் திட்டுகிறோம், தேர்வுக் கட்டணம் ஏறினாலும் அவரைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டையும் முடிவு செய்வது வெவ்வேறு மன்றங்கள். கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கம் நீளம்தான், வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

மூன்று மன்றங்களுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

செனட் பெரிய சபை. ஆசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள், பதிவு செய்த பட்டதாரிகளின் பிரதிநிதிகள், சட்டமன்றம் தேர்ந்தெடுத்து அனுப்பும் எம்.எல்.ஏ.க்கள், அரசு அதிகாரிகள் என்று பலதரப்பட்டவர்கள் உட்காரும் இடம். ஆண்டு பட்ஜெட் இங்கேதான் வரும்.

சிண்டிகேட் சிறியது, ஆனால் கை நீளமானது. பணி நியமனம், பணம், கட்டடம், கல்லூரிகளுக்கு இணைப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் இதன் வழியாகத்தான். உயர்கல்வித் துறைச் செயலாளர் போன்ற அதிகாரிகள் பதவி வழி உறுப்பினர்கள்.

அகாடமிக் கவுன்சில் என்கிற கல்விக்குழு படிப்பு சம்பந்தப்பட்டது. எந்தப் படிப்பு இருக்கலாம், அதில் சேர என்ன தகுதி, எத்தனை தாள், எத்தனை மதிப்பெண்ணுக்குத் தேர்ச்சி, என்ன படித்தால் என்ன பட்டம் என்பதெல்லாம் இதன் எல்லை.

மூன்றுக்கும் தனித்தனிச் சட்டக் கருவியும் உண்டு. செனட் இயற்றுவது ஸ்டாட்யூட், சிண்டிகேட் இயற்றுவது ஆர்டினன்ஸ், அகாடமிக் கவுன்சில் இயற்றுவது ரெகுலேஷன். மாணவர்கள் "நான் பழைய ரெகுலேஷன், அவன் புது ரெகுலேஷன்" என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

1857-ல் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே இந்த மூன்றும் இருந்தனவா?

இல்லை. அப்போது இருந்தது செனட் மட்டுமே. கல்கத்தா ஜனவரியிலும் பம்பாய் ஜூலையிலும் சட்டம் பெற்றன. சென்னைக்கு 1857 செப்டம்பர் 5 அன்று கிடைத்தது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1839 நவம்பரில், உயர்கல்விக்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சென்னை மக்கள் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநரிடம் போனது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னால் நின்றார். பள்ளி வந்தது, கல்லூரி வந்தது. பல்கலைக்கழகம் வர 18 ஆண்டுகள் ஆயின.

வந்த பல்கலைக்கழகமும் பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது இது. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தரும். ஆகவே அதை நடத்த ஆசிரியர்கள் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. வேந்தர் ஆளுநர் ஹாரிஸ் பிரபு. முதல் துணைவேந்தர் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன். சுற்றிலும் நீதிபதிகள், சிவில் அதிகாரிகள், பாதிரியார்கள். ஃபெலோ என்ற பெயரில் அரசு நியமித்த இவர்கள்தான் செனட். பதவியும் ஆயுள் முழுக்க.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அதே தாமோதரம் பிள்ளைதான். வகுப்பே நடத்தாத பல்கலைக்கழகம் என்பதால், கடல் கடந்து வந்தவர்களும் தேர்வெழுதிப் பட்டம் வாங்க முடிந்தது.

அப்படியானால் சிண்டிகேட் எப்போது வந்தது?

1857 சட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது. அன்றாட வேலையைப் பார்க்க செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சிறு குழு அது. 1904-ல்தான் சட்டம் அதை அங்கீகரித்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு சட்டத்தில் இல்லாமலே பல்கலைக்கழகத்தை நடத்தியிருக்கிறது என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். இன்றும் அப்படித்தான்: செனட்டுக்கு மரியாதை, சிண்டிகேட்டுக்கு வேலை.

தமிழைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1902 வாக்கில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கிவிட்டு வடமொழியை வைக்கும் யோசனை எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பரிதிமாற்கலைஞர், எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து எழுதியும் பேசியும் எதிர்த்தார். யோசனை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் இறந்துபோனார், 33 வயதில்.

இதைத் தமிழ்ப் பற்றின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. அந்தப் பாடத்தை நாள்தோறும் கற்பித்தவர், அதன் விதி முடிவாகிற முறையில் தமக்கென்று ஓர் இருக்கை இல்லாமல், வெளியே நின்று போராட வேண்டியிருந்தது. தமிழாசிரியருக்கு மட்டும் இந்த நிலை இல்லை. எந்தப் பாடத்து ஆசிரியருக்கும், ஆசிரியர் என்ற முறையில், உள்ளே இடம் கிடையாது. அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

கர்சன் பிரபுவின் 1904 சட்டம் என்ன செய்தது?

செனட்டைச் சுருக்கியது. ஃபெலோக்கள் 50 முதல் 100 வரைதான், பதவி ஐந்து ஆண்டு என்று வரம்பு கட்டியது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் 20 பேரைத் தேர்தல் மூலம் எடுக்க வழி செய்தது. பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம் என்றும் அனுமதித்தது.

இதெல்லாம் நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் செனட் இயற்றும் விதிகளில் கைவைக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. மத்திய சட்டசபையில் கோகலே கடுமையாக எதிர்த்தார். கூட்டத்தைக் குறைத்துத் தரத்தை உயர்த்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே, யார் உள்ளே இருக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் ஏற்பாடாக அவர் அதைப் பார்த்தார். இந்தச் சண்டை நூறு வருடம் கழித்தும் வேறு பெயர்களில் நடக்கிறது; அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அகாடமிக் கவுன்சில் எப்போது, ஏன் வந்தது?

1923-ல். இதைத்தான் முக்கியமான திருப்பம் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு கமிஷன் அமைத்தார்கள். 1919-ல் அறிக்கை வந்தது. பெயர் கல்கத்தா கமிஷன்தான், ஆனால் அதன் பரிந்துரைகள் இந்தியா முழுவதற்கும் போயின. அவற்றில் ஒன்று: பொதுமக்கள் பிரதிநிதிகள் நிறைந்த பெரிய சபை ஒருபுறம் இருக்கட்டும், படிப்பு, தேர்வு, பட்டம் பற்றிய முடிவுகளை ஆசிரியர்கள் நிறைந்த தனி மன்றத்திடம் ஒப்படையுங்கள் என்பது. சென்னை எதைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொண்டதோ அந்த லண்டன் பல்கலைக்கழகமே 1900-ல் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகவும் மாறி, அகாடமிக் கவுன்சில் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தது. நாம்தான் பழைய லண்டனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

சென்னையில் அப்போது நீதிக்கட்சி ஆட்சி. கல்வி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ. அவர் கொண்டுவந்த சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம், 1923 செனட்டை வைத்துக்கொண்டு, சிண்டிகேட்டை நிர்வாக மன்றமாக்கி, பக்கத்தில் அகாடமிக் கவுன்சிலை உட்கார வைத்தது. இணைப்புக் கல்லூரிகளுக்கென்று ஒரு கவுன்சிலும் கூடவே இருந்தது, அது நீடிக்கவில்லை. பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றும் பல்கலைக்கழகம் இயங்குவது அதே 1923 சட்டத்தின் கீழ்தான். நூற்றாண்டு தாண்டிய சட்டம்.

இதனால் என்ன ஆனது? இயற்பியல் பாடத்தில் என்ன வரவேண்டும் என்பதை நீதிபதியும் கலெக்டரும் கை தூக்கி முடிவு செய்யும் நிலை போய், இயற்பியல் சொல்லித்தருபவருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

செனட் ஹவுஸ் என்ற கட்டடத்தில்தான் இந்தக் கூட்டங்கள் நடந்தனவா?

ஆமாம், செனட்டுக்காகவே கட்டியது. மெரினா எதிரே, சேப்பாக்கம் அரண்மனைக்குப் பக்கத்தில். வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். 1874-ல் ஆரம்பித்து 1879-ல் முடிந்தது. நான்கு மூலைக் கோபுரங்கள், உள்ளே தூணே இல்லாத பெரிய கூடம், வண்ணக் கண்ணாடிகள். பட்டமளிப்பு விழா, தேர்வு, கூட்டம் எல்லாம் அங்கேதான்.

1937-ல் மாகாணத் தேர்தல் முடிந்து ராஜாஜி முதல்வரானபோது புதிய சட்டமன்றம் கூட இடமில்லை. ஜூலையில் முதல் கூட்டம் இந்த செனட் ஹவுசில்தான் நடந்தது, அந்த ஆண்டு முடியும்வரை அங்கேயே கூடினார்கள்.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடம்கூட இவர்கள் கையில் இருந்ததாமே?

இருந்தது. மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகம் வைத்த நுழைவுத் தேர்வு. அதில் தேறினால்தான் கல்லூரி. ஆகவே பள்ளியின் கடைசி வகுப்பில் என்ன படிப்பது என்பதைப் பல்கலைக்கழகமே ஆட்டிவைத்தது. 1911 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. வந்து பெரும்பாலான பள்ளிகள் அரசுப் பக்கம் போயின. ஆனாலும் நமக்குத் தெரிந்த மெட்ரிக் பள்ளிகள் 1978 வரை பல்கலைக்கழகத்தின் கீழேயே இருந்து, அதன் பிறகுதான் மாநில அரசின் மெட்ரிகுலேஷன் வாரியத்துக்கு மாறின. கல்லூரியில் படித்த புகுமுக வகுப்பான பி.யு.சி.யும் அதே சமயத்தில் போய், பிளஸ் டூ வந்தது.

அதிகாரம் சுருங்கிய கதை இதோடு நிற்கவில்லை. தென்னிந்தியா முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகமாக இருந்தது இது. மைசூர் 1916-ல், ஆந்திரா 1926-ல், அண்ணாமலை 1929-ல், திருவிதாங்கூர் 1937-ல், மதுரை 1966-ல் என்று ஒவ்வொன்றாகத் தனிப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அப்புறம் பாடங்கள் பிரிந்தன. பொறியியல் 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு, மருத்துவம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு, சட்டம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் காலத்தில் ஒரே அகாடமிக் கவுன்சிலில் டாக்டரும் என்ஜினியரும் தமிழ்ப் பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மருத்துவப் பட்ட விதியில் ஒரு வரலாற்று ஆசிரியர் கேள்வி கேட்க முடிந்தது. இன்று அது முடியாது. இழப்புதான் என்பேன்.

ஒரு பாடத்தாள் மாற வேண்டுமானால் நடைமுறையில் என்ன நடக்கும்?

பி.காம். மூன்றாம் செமஸ்டரில் ஒரு தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பாடத்திட்டக் குழு, அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸ். வணிகவியல் ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அலகு அலகாகப் பிரிப்பார்கள். ஐந்து அலகு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம், பாடநூல், பார்வை நூல், வினாத்தாள் அமைப்பு. உண்மையான வாக்குவாதம் இங்கேதான் நடக்கும். "இந்தப் புத்தகம் கிராமத்துக் கல்லூரி நூலகத்தில் கிடைக்குமா?", "இதை நடத்த நம்மிடம் ஆள் இருக்கா?" என்பது மாதிரிக் கேள்விகள். சம்பந்தப்பட்ட புத்தகத்தை எழுதியவரே குழுவில் உட்கார்ந்திருப்பதும் நடக்கும். அப்போது மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கே முடிந்ததும் அகாடமிக் கவுன்சிலுக்கு அஜெண்டா ஐட்டமாகப் போகும். உறுப்பினருக்கு வருவது தலையணை கனத்துக்கு ஒரு கட்டு. எல்லாத் துறைகளின் மாற்றங்களும் இணைப்பு அ, ஆ, இ என்று வரிசையாக இருக்கும். கடைசி நிமிடத்தில் சேர்த்தவை டேபிள் அஜெண்டாவாகக் கூட்ட மேஜையிலேயே கையில் கிடைக்கும். படித்து முடிக்கும் முன்பே "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஐட்டம் நகர்ந்துவிடும்.

தீர்மானத்தில் ஒரு வரியைக் கவனமாகப் பாருங்கள்: எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் முதல் இது பொருந்தும் என்ற வரி. மாணவரின் தலையெழுத்து அதில் இருக்கிறது.

அரியர் வைத்திருப்பவர் கதி என்ன? புதுப் பாடத்தைப் படிக்க வேண்டுமா?

பொதுவாக, சேர்ந்தபோது எந்த ரெகுலேஷனோ அதன்படிதான் முடிக்க வேண்டும். பழைய தாளுக்கு இன்னும் சில பருவங்கள் தேர்வு வைப்பார்கள், அல்லது புதிய தாள் ஒன்றை அதற்கு இணையானது என்று அறிவிப்பார்கள். எது என்பதை அகாடமிக் கவுன்சில் தீர்மானம் சொல்லும். அந்த இணைத்தாள் பட்டியல் இல்லாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினால்தான் குழப்பம். தேர்வுப் பிரிவு கவுன்ட்டரில் நின்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வாய்மொழிப் பதிலை நம்பாமல் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள்.

எங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. எங்களுக்கும் இந்த அகாடமிக் கவுன்சில்தானா?

இல்லை, உங்கள் கல்லூரிக்குள்ளேயே ஒன்று இருக்கும். 1978-ல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவற்றில் தன்னாட்சி தொடங்கியபோது, பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரிக்கு, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துக்கு என்று பங்கு பிரித்தார்கள். கல்லூரி முதல்வர் அந்தக் கவுன்சிலின் தலைவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி எல்லாத் துறைத் தலைவர்களும், ஆசிரியர்கள் நால்வரும், வெளி வல்லுநர்களும், பல்கலைக்கழகம் அனுப்பும் மூன்று பேரும் இருக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் அந்தத் துறையின் பழைய மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு. நீங்கள் முதுகலை முடித்தவர் என்றால் துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

2023-ல் பொதுப் பாடத்திட்டம் என்று ஒரு சர்ச்சை வந்ததே, அது என்ன?

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாநிலம் முழுவதற்கும் மாதிரிப் பாடத்திட்டம் தயாரித்து, 2023-24 முதல் எல்லாரும் பின்பற்றச் சொன்னது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறும் மாணவருக்கு வசதி என்பது அரசு சொன்ன காரணம். தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர் அமைப்புகளும் எதிர்த்தன. பாடத்திட்டத்தை வகுக்கச் சட்டப்படி அகாடமிக் கவுன்சில் இருக்கும்போது, அது தயாராக வந்ததை ஏற்கும் இடமாகிவிடுமே என்பது வாதம். ஆளுநர், பல்கலைக்கழகங்கள் இதைக் கட்டாயம் ஏற்கத் தேவையில்லை என்று துணைவேந்தர்களுக்கு எழுதினார். உடனே இது கட்சிச் சண்டையாகிவிட்டது.

என் கருத்து: மாதிரிப் பாடத்திட்டம் இருப்பதில் தவறில்லை, வலுவில்லாத சின்னக் கல்லூரிகளுக்கு அது உதவியும்கூட. ஆனால் அதை விவாதித்து மாற்றும் உரிமை கவுன்சிலிடம் இருக்க வேண்டும். அரசு சொன்னாலும் சரி, ஆளுநர் சொன்னாலும் சரி, டெல்லி சொன்னாலும் சரி.

துணைவேந்தரே இல்லாதபோது இந்த மன்றங்கள் எப்படி நடக்கும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரைத் தேட மூவர் குழு அமைப்பது வழக்கம்: செனட் சார்பில் ஒருவர், சிண்டிகேட் சார்பில் ஒருவர், வேந்தர் சார்பில் ஒருவர். ஆகவே செனட்டின் ஓட்டு இங்கே வெறும் சடங்கு இல்லை. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபோது, மானியக் குழுவின் பிரதிநிதி ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்று வேந்தரான ஆளுநரும், மூவரே போதும் என்று அரசும் நின்றார்கள். நாற்காலி காலியானது. அப்படிப்பட்ட காலத்தில் உயர்கல்வித் துறைச் செயலாளரைக் கொண்ட ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைப் பார்க்கும். கையெழுத்து போட ஆள் இருக்கும்; ஆனால் நீண்டகால முடிவு எதையும் எடுக்கத் தயங்குவார்கள்.

நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், நிலுவையில் இருந்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்றது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம், நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குப் பின் நடப்பவற்றை நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பக்கம் அதோடு ஓட முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் செனட் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

வேலையைப் பார்த்தால் இல்லை. இலங்கையின் 1978-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி நிர்வாகத்தைப் பார்ப்பது பேரவை. கல்வி விவகாரங்களைப் பார்ப்பது மூதவை என்கிற செனட். பீடாதிபதிகளும் துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் அதில் இருப்பார்கள். அதாவது அவர்களுடைய செனட் நம்முடைய அகாடமிக் கவுன்சிலுக்குச் சமம்.

அகாடமிக் கவுன்சில் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்கிறார்களே?

பாதி உண்மை. ஆண்டுக்கு ஓரிரு முறை, ஒரே நாளில், நூற்றுக்கணக்கான ஐட்டங்களோடு கூடினால் யாராலும் ஆழமாக விவாதிக்க முடியாது. பெரிய முடிவுகள் பல வெளியே தீர்மானமாகி, ஒப்புதலுக்கு மட்டும் வருகின்றன. பேசினால் பெயர் கெடும் என்று பேசாமல் இருக்கும் உறுப்பினர்களும் உண்டு.

ஆனால் ரப்பர் ஸ்டாம்பாக ஆக்குவது சட்டம் இல்லை, உறுப்பினர்கள்தான். எந்த உறுப்பினரும் எழுத்து மூலம் தீர்மானம் கொடுக்கலாம், ஒரு ஐட்டத்தைப் பாடத்திட்டக் குழுவுக்கே திருப்பி அனுப்பச் சொல்லலாம், தன் மறுப்பை மினிட்ஸில் பதியச் சொல்லலாம். அந்த மறுப்பு ஒரு வரியாக இருந்தாலும், நாளை வழக்கு என்று வந்தால் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். ஆசிரியர் தொகுதித் தேர்தலில் சங்கம் பார்த்து ஓட்டுப் போடுகிறோம், ஜெயித்தவர் கூட்டத்தில் என்ன பேசினார் என்று யாரும் கேட்பதில்லை.

நான் மாணவன். கூட்டத்தில் என்ன முடிவானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டப் பகுதியைப் பாருங்கள். ரெகுலேஷன் அங்கே இருக்கும், தீர்மானம் எப்போதும் இருக்காது. அடுத்து உங்கள் கல்லூரி முதல்வர். மாற்றங்கள் அவருக்குச் சுற்றறிக்கையாக வந்திருக்கும்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை இல்லை என்று தட்டிக்கழிப்பார்கள். இன்ன பாடத்தாள் தொடர்பாக இன்ன தேதியில் நடந்த பாடத்திட்டக் குழு, அகாடமிக் கவுன்சில் கூட்டங்களின் அஜெண்டா, நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலர் இருக்கிறார், அவருக்கு எழுதலாம்.